காட்டுக்குப் போகும் முன் ஒரு படிவம்

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், ஜார்ஜ்டவுனிலிருந்து 101ஆம் எண் பேருந்து சென்றடையும் தெலுக் பஹாங்கில், பினாங்கு தேசியப் பூங்காவின் நுழைவாயில் உள்ளது. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காட்டுக்குள் செல்வோர், முதலில் வாயிலில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். மாலையில் திரும்பி வராதவர் யார் என்று தேட நேர்ந்தால், அந்தப் பதிவேடுதான் முதலில் புரட்டப்படும்.

பள்ளிக் கழகமொன்று நாற்பது மாணவர்களை இக்காட்டு வழியே கெராச்சுட் கடற்கரைக்கு அழைத்துச் செல்லத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடைபாதை சுமார் மூன்றரை கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் மிகுந்திருப்பதால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். சாலை கிடையாது. ஒருவர் மயங்கி விழுந்தால் உதவி நடந்து வரவேண்டும், அல்லது படகில் வரவேண்டும். ஆகவே கழகச் செயலாளர் உருவாக்கும் இயங்கலைப் படிவம் வெறும் வருகைப் பட்டியல் அன்று. காட்டுக்குள் ஆசிரியர் கையில் இருக்கப்போகும் ஒரே தகவல் அதுவே.

படிவத்தை உருவாக்குவது எளிது. கூகுள் படிவத்தில் கேள்வியைத் தட்டச்சுச் செய்து, விடையின் வகையைத் தேர்ந்தெடுத்து, இணைப்பைப் புலனத்தில் அனுப்பினால் பதில்கள் விரிதாளில் வரிசையாக வந்து சேரும். கடினமான பகுதி எதைக் கேட்பது, எதை விடுவது என்பதே. ஒவ்வொரு கேள்வியையும் எழுதும்போது, 'இந்தப் பதிலைப் படித்து யார், என்ன செய்வார்?' என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். விடை கிடைக்காத கேள்வியை நீக்கிவிடலாம்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். அயல்நாட்டு மாதிரிப் படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இல்லை. 'அ/ல்', 'அ/பெ' என்பதற்குப் பின் வருவது தந்தையின் பெயர். இரண்டு கட்டங்களைப் பார்த்ததும் மாணவர் தந்தையின் பெயரை இரண்டாவதில் எழுதுவார். குடும்பப்பெயர் வரிசையில் அச்சிட்ட பட்டியலைக் கொண்டு வருகையைச் சரிபார்த்தால், வீட்டிலிருக்கும் அப்பாக்களைத்தான் காட்டில் கூப்பிட வேண்டியிருக்கும்! 'அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் வைத்தால் போதும்.

அடையாள அட்டை எண்ணைக் கேட்பவர்கள், பிறந்த தேதி, வயது, பாலினம் ஆகியவற்றையும் தனித்தனியே கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்த 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாளைக் காட்டும். அடுத்த இரண்டும் பிறப்பிடத்தைக் குறிக்கும், பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஒரே எண் இவ்வளவையும் சொல்லிவிடுவதால்தான் அதைத் தேவையின்றிக் கேட்கக்கூடாது. பயணக் காப்புறுதி எடுப்பதாக இருந்தால் கேட்கலாம்; இல்லையென்றால் வயது மட்டும் போதும்.

உடல்நலப் பகுதிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 'உங்களுக்கு ஏதேனும் நோய் உண்டா?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்ற பதிலே வரும். ஆஸ்துமா உள்ள மாணவர், புத்தகப்பையில் இன்ஹேலர் இருக்கும் துணிவில், அதை நோயாகவே கருதாமல் இருக்கலாம். மாறாக, 'நீங்கள் பயன்படுத்தும் மருந்து எது? பயணத்தன்று அது எந்தப் பையில் இருக்கும்?' என்று கேட்டால் அவர் எழுதுவார். 'குளவியோ தேனீயோ கொட்டி மூச்சுத்திணறல் ஏற்பட்டதுண்டா?' என்பதும் இவ்வழிக்குப் பொருத்தமான கேள்வி. 'உண்டு' என்று தேர்ந்தெடுப்பவரை மட்டும் விவரம் கேட்கும் பிரிவுக்கு அனுப்பும் வசதி கூகுள் படிவத்திலேயே உள்ளது.

அவசரத் தொடர்புக்கு ஓர் எண் போதாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சனிக்கிழமையும் வேலைக்குச் செல்லும் பெற்றோர் உண்டு. பணிநேரத்தில் அவர்களால் கைப்பேசியை எடுக்க இயலாமல் போகலாம். 'அன்று பகலில் உறுதியாக எடுக்கக்கூடிய இரு எண்கள்' என்று கேட்பது நல்லது. திரும்பும்போது படகில் வருவதாக இருந்தால், அதற்குப் பெற்றோரின் ஒப்புதலைத் தனியாகப் பெற வேண்டும். நடைக்குச் சம்மதித்தவர் கடலுக்கும் சம்மதித்தார் என்று கொள்ள முடியாது. 18 வயது நிரம்பாத மாணவர் தாமே 'பெற்றோர் சம்மதம்' என்ற கட்டத்தில் சொடுக்கினால் அது சம்மதமும் ஆகாது. கையொப்பமிட்ட தாள் வேண்டும்.

இணைப்பை அனுப்பும் முன் இரண்டு அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். கல்வி அமைச்சின் டெலிமா கணக்கில் உருவாக்கிய படிவம், அந்நிறுவனக் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும் திறக்குமாறு அமைந்திருக்கலாம். அப்படியானால் பெற்றோர் தம் சொந்தக் கணக்கிலிருந்து அதைத் திறக்க முடியாது. மற்றொன்று, பதில்களின் சுருக்கத்தை நிரப்பியவர்களுக்கும் காட்டும் வசதி. அதைத் திறந்துவைத்தால் ஒருவரின் மருந்து விவரம் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கே உரியது. எனினும் உடல்நலத் தகவலை மிகுந்த கவனத்துக்குரிய தரவாக அது பிரித்துக் காட்டுவதைக் கழகங்களும் பின்பற்றலாம்.

காட்டுக்குள் கைப்பேசி அலைவரிசை எங்கும் கிடைக்கும் என்று நம்பக்கூடாது. அதனால் முதல்நாள் மாலையே விரிதாளை இரண்டு படிகள் அச்சிட்டு, ஒன்றை முன்னால் நடக்கும் ஆசிரியரிடமும் மற்றொன்றைக் கடைசியில் வருபவரிடமும் நெகிழி உறையில் கொடுக்க வேண்டும். மூன்றாவது படி பள்ளி அலுவலகத்தில் இருக்கட்டும். பயணம் முடிந்த வாரத்தில் உடல்நலப் பதில்களை அழித்துவிடலாம்; கழகத்தின் ஆண்டறிக்கைக்குப் பெயர்ப்பட்டியலே போதும்.