வெற்றிக் கிண்ணமும் பெற்றோரும்

முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நெருங்குங்கால், உப்புவெளியிலும் திருகோணமலைப் பட்டினத்திலும் பிள்ளைகளைக் காட்டிலும் மிகுந்த பரபரப்படைகின்ற பெற்றோர், மைதானத்திலிருந்து திரும்பும் குழந்தையிடம் "எத்தனையாம் இடம்?" என்று விசாரிப்பதை ஒத்திவைத்து, முதலில் தண்ணீர் கொடுத்து, இளைப்பாறிய பின் அதுவாகச் சொல்லக் கேட்பதே உசிதம். எல்லைக் கோட்டருகே நின்று கட்டளையிடுவதும், மத்தியஸ்தரோடு தர்க்கம் புரிவதும் பயிற்றாசிரியரின் பிரயாசையை வீணாக்கும். கைகள் சும்மா இராவெனில், எதிர் இல்லத்துப் பிள்ளைக்கும் சேர்த்துத் தட்டலாம்.

கிண்ணம் கிட்டாத பிள்ளைக்கு, 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போர்னிலும் ஒலிம்பிக் பதக்கமின்றித் திரும்பிய நா. எதிர்வீரசிங்கம், 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் வென்று, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கத்தைத் தேடித் தந்த சரித்திரத்தைச் சொல்லுங்கள். உபதேசம் எதுவும் சேர்க்க வேண்டாம்.

கிண்ணம் வந்து சேர்ந்ததாயின், கடற்காற்றின் உப்பீரம் உலோகத்தைச் சீக்கிரம் மங்கச் செய்யுமாதலால், அதைக் கடல் நோக்கிய ஜன்னலில் வையாது கண்ணாடி அலுமாரியில் வைத்து, உலர்ந்த மென்துணியால் துடைத்து வருக. குத்துவிளக்கென்று எண்ணிப் புளியிட்டுத் தேய்த்தால் மேற்பூச்சுப் போய்விடும்; இக்காலத்துக் கிண்ணங்களிற் பல, பார்வைக்கு மாத்திரமே பித்தளை.