பெயருக்குப் பின்னால் ஒரு மொழி



மிகைபுனைவு எனப்படும், நடப்பில் இல்லாத ஓர் உலகைக் கட்டியெழுப்பும் கதைவகையில் புதிதாகக் கால்வைப்போர், பெயர் சூட்டும் வேலையைக் கடைசி நேர ஒப்பனையாகக் கருதி, வாயில் நுழையாத நான்கு எழுத்துகளைக் கோத்துவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. அப்பெயர்கள் விநோதமாக ஒலிக்கின்றனவே தவிர, ஒரே மண்ணில் விளைந்தவையாக ஒலிப்பதில்லை.

இக்குறையைத் தவிர்க்க ஊன்றிப் படிக்க வேண்டியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்த அவர், முதலில் மொழிகளைப் படைத்து, அவற்றைப் பேசுவோருக்காகவே பிறகு கதைகளை எழுதினார். 1937இல் வெளியான ‘தி ஹாபிட்’ நூலிலுள்ள குள்ளர்களின் பெயர்களில் பெரும்பாலானவை, ‘வோலுஸ்பா’ என்னும் பழைய நார்ஸ் பாடலில், அதாவது ஸ்காண்டிநேவியரின் முன்னோர் மொழியில் அமைந்த பாடலில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்நூலின் மந்திரவாதியான காண்டால்ஃபின் பெயரும் அங்கிருந்து வந்ததே. மந்திரக்கோலைக் குறிக்கும் ஒரு சொல்லும் ‘எல்ஃப்’ என்ற வனதேவதை இனத்தைக் குறிக்கும் மற்றொரு சொல்லும் இணைந்து அது உருவானது. முதல் வரைவில் அது குள்ளர் தலைவனின் பெயராக இருந்தது, மந்திரவாதியோ ப்ளடார்தின் என்று அழைக்கப்பட்டார். பெயர் கைமாறிக் கோல் ஏந்தியவரிடம் வந்து சேர்ந்த பிறகே ஆளும் பொருளும் ஒன்றாயின.

டோல்கீனின் மோதிரக் கதையில் வரும் மோர்டோர், கோண்டோர் என்ற இரு நாட்டுப் பெயர்களை அருகருகே வைத்துப் பார்ப்பது இன்னும் பயன் தரும். அவர் படைத்த சிந்தாரின் மொழியில் ‘டோர்’ என்றால் நிலம், ‘மோர்’ என்றால் கருமை, ‘கோண்ட்’ என்றால் கல்; எனவே முன்னது கருநிலம், பின்னது கல்நாடு. யாரும் விளக்காமலேயே, ஈற்றசை திரும்ப வருவதைக் கேட்கும் வாசகர் இவ்விரண்டும் ஒரே மொழியைச் சேர்ந்தவை என்று உணர்ந்துகொள்கிறார். அதே கதையில் வரும் ரோஹன் நாட்டு மன்னன் தியோடனின் பெயருக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘மன்னன்’ என்றே பொருள். சாம்வைஸ் என்ற கதைமாந்தனின் பெயருக்கோ ‘அரை அறிவினன்’ என்று பொருள். மோதிரத்தின் பயணம் முடிவதற்குக் காரணமானவனுக்கு அப்படியொரு பெயர் வைத்ததில் ஆசிரியரின் குறும்பு தெரிகிறது.

ஆனால் தமிழ்க் கதைக்கு ‘டோர்’ என்ற ஈற்றைக் கடன் வாங்குவது, முறையை விட்டுவிட்டு ஓசையை மட்டும் எடுத்துக்கொள்வதாகும். டோல்கீன் தாம் படைத்த மொழிகளிலிருந்தும் தாம் கற்பித்த பழைய ஏடுகளிலிருந்தும் எடுத்தார்; தமிழில் எழுதுபவருக்குக் குறிச்சி, பாடி, துறை, குன்றம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. முதல் அத்தியாயத்தைத் தொடங்கும் முன்பு, கதைமாந்தரின் மொழியில் நிலம், நீர், மலை, கோட்டை போன்றவற்றுக்கு ஐந்தாறு வேர்ச்சொற்களையாவது வகுத்துக்கொண்டு, பெயர்களை அவற்றிலிருந்தே உருவாக்குக.