பந்தை முதலில் எட்டுபவள்

திருநின்றவூர்ப் பகுதி அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பந்து காலில் நிற்காது. ஆனால், நழுவி ஓடும் பந்தை எல்லோருக்கும் முன் எட்டிவிடுவாள். “உனக்குக் கால்பந்து வராதும்மா” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். மறுநாள் அவள் மைதானத்துக்கு வரவில்லை.

அப்போதுதான் ஹிமா தாஸ் நினைவுக்கு வந்தார். அசாம் மாநிலம் திங் பகுதி விவசாயியின் மகள். சிறுவர்களோடு கால்பந்து ஆடி வளர்ந்தவர். அவரது வேகத்தைக் கவனித்துத் தடகளத்துக்குத் திருப்பியவர் நவோதயா பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஷம்சுல் ஹோக். 2018 ஜூலை 12 அன்று பின்லாந்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகத் தடகளப் போட்டியில், ஹிமா 400 மீட்டரை 51.46 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். உலகத் தடகளப் போட்டியில் ஓட்டப் பிரிவில் இந்தியர் பெற்ற முதல் தங்கம் அது.

அந்த மாணவியை நானே போய் அழைத்து வந்தேன். ஹிமாவின் ஓட்டத்தை வகுப்புக்கே பாடமாக்கினேன். 400ஐ 51.46ஆல் வகுத்தார்கள்: விநாடிக்கு ஏறத்தாழ 7.8 மீட்டர். பிறகு மைதானத்தில் 30 மீட்டர் அளந்து, ஒவ்வொருவரும் ஓடிய நேரத்தைக் குறித்தோம். மிகக் குறைந்த நேரம் அவளுடையது. இப்போது குறுவட்டப் போட்டிக்காக 400 மீட்டர் பழகுகிறாள், கால்பந்தையும் விடவில்லை.

இதற்கு அளவுநாடாவும் நிறுத்துக்கடிகாரமும் போதும். அடுத்த விளையாட்டுப் பாடவேளையில் கோல் அடிப்பவரோடு, பந்தை முதலில் எட்டுபவரின் பெயரையும் குறித்து வையுங்கள்.