அலுவலகக் கணிப்பொறிக்குக் காவல்

முன்னுரை

நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கிவந்து, அதை ஆணியில் மாட்டிவிட்டு, கதவைத் திறந்துபோட்டு ஊருக்குப் போகிறவர் உண்டோ? இல்லை என்று சிரிப்போம். ஆனால் பல அலுவலகங்களில் நாள்தோறும் நடப்பது இதுவே. கணிப்பொறியுடன் கூடவே வந்த காவல் கருவிகள் உள்ளே இருக்கின்றன. அவற்றுள் சில இயங்குகின்றன. சில யாரும் தொடாமல் உறங்குகின்றன.

தோழியரே! நம்மில் பலர் நாளை ஒரு மருத்துவமனையிலோ, வங்கியிலோ, பள்ளி அலுவலகத்திலோ கணிப்பொறியின் முன் அமரப் போகிறோம். அங்கே இருப்பவை நம்முடைய படங்களும் பாடல்களும் அல்ல. பிறருடைய நோய்க் குறிப்பு, பிறருடைய பணம், பிறருடைய மதிப்பெண். அவற்றைக் காக்கும் வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள். இங்கிலாந்து நாட்டின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கணிப்பொறித் திரைகள் திடீரெனச் சிவந்தன. "உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடுத்தால் திறப்போம்" என்ற பொருள்பட ஓர் அறிவிப்பு தோன்றியது. மூன்று நாளில் கொடுக்காவிடில் தொகை இரட்டிப்பாகும் என்ற மிரட்டலும் உடன் இருந்தது. வானாகிரை என்னும் அந்தத் தீய நிரல் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பற்றிக்கொண்டது.

இங்கிலாந்தின் மருத்துவமனைகளை நடத்தும் 236 அமைப்புகளுள் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. 595 குடும்ப மருத்துவர் நிலையங்களிலும் நோய் பரவியிருந்தது. நோயாளிகள் மருத்துவரைக் காணக் குறித்திருந்த 19,000க்கும் மேற்பட்ட சந்திப்புகள் தவறியிருக்கலாம் என மதிப்பிட்டனர். அவற்றுள் அறுவை சிகிச்சைகளும் அடங்கும். ஐந்து இடங்களில் அவசர நோயாளிகள் வேறு மருத்துவமனைக்குத் தொலைவு செல்ல நேர்ந்தது. பல நாள் காத்திருந்து சிகிச்சைக்கு வந்த ஒருவரிடம், "இன்று இயலாது, போய் வாருங்கள்" என்று சொல்வது எத்தனை துயரம்!

காரணம் யாது?

விண்டோஸ் இயங்குதளத்தில், கணிப்பொறிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள எஸ்.எம்.பி. என்னும் பழைய முறை ஒன்று உண்டு. அதன் முதல் பதிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் நடந்ததோ ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து. அந்த இரண்டு மாதத்தில் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத கணிப்பொறிகளும், திருத்தமே வராத மிகப் பழைய கணிப்பொறிகளும் வீழ்ந்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த நிரல் பரவுவதற்கு யாரும் தவறான அஞ்சலைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு கணிப்பொறியில் நுழைந்ததும், வலைப்பின்னல் வழியே அடுத்ததைத் தானே தேடிச் சென்றது. ஆகவே "நான் கவனமாக இருக்கிறேன்" என்பது மட்டும் போதாது. கணிப்பொறியின் அமைப்பே வலுவாக இருக்க வேண்டும்.

அன்று மாலையே மார்கஸ் ஹட்சின்ஸ் என்னும் இளைஞர் ஒரு வழி கண்டார். அந்த நிரல் வேலை தொடங்குமுன் ஒரு நீண்ட இணைய முகவரியைத் தட்டிப் பார்த்தது. பதில் வந்தால் தானே நின்றுவிடும்படி எழுதப்பட்டிருந்தது. யாரும் பதிவு செய்யாதிருந்த அந்த முகவரியை அவர் பதிவு செய்தார். பரவல் பெரிதும் அடங்கியது. ஆனால் இத்தகைய நற்பேறு எல்லா முறையும் வாய்க்குமா?

கூடவே வந்த காவலன்

2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், வைரஸ் தடுப்பு நிரல் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. அதன் பெயர் டிபெண்டர். தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அது மூன்று விதமாகக் காவல் புரிகிறது. முதலாவது, தெரிந்த திருடர்களின் அடையாளப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிடுகிறது. இரண்டாவது, அடையாளம் தெரியாத நிரலாயினும் அதன் நடத்தையைக் கவனிக்கிறது. மூன்றாவது, ஐயம் ஏற்பட்டால் இணையம் வழியே நிறுவனத்தின் பெரிய கணிப்பொறிகளைக் கேட்டறிகிறது.

அலுவலகத்தில் இதனை வலுப்படுத்தும் வழிகளை வரிசையாகக் காண்போம்.

1. திருத்தங்கள்: இயங்குதளத் திருத்தங்கள் வந்தவுடன் போட வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்று பொத்தானை அழுத்துவதே பெரும் பகை. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதனை இன்னும் வைத்திருக்கும் அலுவலகங்கள் நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும், அல்லது புதிய பதிப்புக்கு மாற வேண்டும்.

2. சாதாரணக் கணக்கு: கணிப்பொறியில் எதையும் மாற்றவல்ல நிர்வாகி கணக்கு ஒன்று, அன்றாட வேலைக்கான சாதாரணக் கணக்கு ஒன்று. கடிதம் தட்டச்சு செய்யவும் அஞ்சல் பார்க்கவும் இரண்டாவதே போதும். நாம் எந்தக் கணக்கில் அமர்ந்திருக்கிறோமோ, நம் வழியே நுழையும் தீய நிரலுக்கும் பெரும்பாலும் அந்த அதிகாரமே கிடைக்கும். வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் இடுப்பில் செருகிக்கொண்டா சந்தைக்குப் போகிறோம்?

3. காவலனுக்குக் காவல்: சில தீய நிரல்கள் உள்ளே வந்ததும் முதல் வேலையாக டிபெண்டரையே அணைக்க முயலும். அதைத் தடுக்கும் அமைப்பு ஒன்று விண்டோஸ் பாதுகாப்புப் பக்கத்தில் உண்டு. அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. கோப்புறைக் காவல்: நம்பகமான நிரல்கள் மட்டுமே முக்கியக் கோப்புறைகளில் கை வைக்கலாம் என்று வரையறுக்கும் வசதி 2017 அக்டோபரில், அதாவது அந்தத் தாக்குதலுக்குச் சில மாதங்களுக்குப் பின், வந்தது. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல்களுக்கு எதிராகவே இது அமைந்தது. ஆனால் நாமாக இயக்கினால்தான் இயங்கும். உறங்கிக் கிடக்கும் கருவி என்றேனே, அவற்றுள் இதுவும் ஒன்று.

5. தாக்கும் வழிகளைச் சுருக்குதல்: ஒரு வேர்டு கடிதத்துக்கு வேறொரு நிரலைத் தானே தொடங்கும் தேவை பெரும்பாலும் இல்லை. அப்படித் தொடங்கினால் அது ஐயத்துக்குரியது. இத்தகைய செயல்களைத் தடுக்கும் விதிகள் டிபெண்டரில் உள்ளன. பயன்படாத பழைய முறைகளையும் மூடிவிட வேண்டும். எஸ்.எம்.பி. முதல் பதிப்பு இன்று புதிய விண்டோஸில் இயல்பாக நிறுவப்படுவதில்லை. பழைய அச்சுப்பொறிக்காக அதைத் திறந்து வைத்திருந்தால், மாற்ற வேண்டியது அச்சுப்பொறியையே.

6. தீயரண்: வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் தீயரணை ஒருபோதும் அணைக்கலாகாது.

முதலில் வெள்ளோட்டம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் இறுக்கினால் என்ன ஆகும்? சம்பளப் பட்டியல் போடும் நல்ல நிரலையும் காவலன் தடுத்துவிடக்கூடும். சம்பளம் தாமதமானால், எரிச்சலில் யாராவது காவலையே அணைத்துவிடுவர். எனவேதான் நான்காவது, ஐந்தாவது வசதிகளில் வெள்ளோட்டத்துக்கு இடம் வைத்துள்ளனர். அந்நிலையில் அவை எதையும் தடுப்பதில்லை; "இதைத் தடுத்திருப்பேன்" என்று குறித்து மட்டும் வைக்கும். சில வாரம் அக்குறிப்பைப் பார்த்து, நல்ல நிரல்களுக்கு அனுமதி அளித்துவிட்டு, பிறகு முழுக் காவலையும் இயக்கலாம்.

இத்தனைக்குப் பின்னும் ஒரு படி வேண்டும். முக்கியக் கோப்புகளின் நகலை வேறொரு வட்டில் எடுத்து, அதனைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். இணைந்தே இருக்கும் நகலையும் தீய நிரல் பூட்டிவிடும். அவ்வப்போது அந்த நகலிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்ப்பதும் அவசியம். திறக்காத நகலால் பயன் இல்லை.

முடிவுரை

இங்கிலாந்தின் மருத்துவமனைகளைக் காத்திருக்கக்கூடியவை அரிய கருவிகள் அல்ல. வெளிவந்துவிட்ட ஒரு திருத்தமும், ஒழுங்காக அமைத்த ஒரு தீயரணும். எளிய செயல்களைச் செய்திருந்தால் தப்பியிருக்கலாம் என்பதே தணிக்கையாளரின் முடிவும் ஆகும். அச்செயல்கள் செய்யப்படாமற்போனதால் ஏற்பட்ட இழப்பை 9 கோடியே 20 இலட்சம் பவுன் என்று அந்நாட்டு அரசு பின்னர் மதிப்பிட்டது. திரும்பிச் சென்ற நோயாளியின் வேதனைக்கு எந்தக் கணக்கும் இல்லை.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. தோழியரே, நாளை நீங்கள் வேலைக்கு அமரும் முதல் நாளில் இரண்டு கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள்: "இந்தக் கணிப்பொறிக்குக் கடைசியாக எப்போது திருத்தம் போட்டார்கள்? இதன் நகல் எங்கே இருக்கிறது?" பதில் கிடைக்காவிட்டால், உங்கள் முதல் பணி அதுவே ஆகட்டும்.