தேக்கடி ஏரிக்கரையில் ராத்தங்கல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் மினசோட்டாவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், போன கோடையில் குடும்பத்தோடு ஒரு தேசியப் பூங்காவுக்குப் போயிருக்கிறான். தாங்களே படகை ஓட்டிக்கொண்டு போய் ஏரிக்குள் ஒரு தீவில் இறங்கி, கூடாரம் போட்டுத் தங்கிய படங்களை அனுப்பினான். அதைப் பார்த்ததிலிருந்து எங்கள் செட்டுக்கும் அதே ஆசை. நாங்கள் எட்டுப் பேர். ரிக் வண்டி, பருத்தி வியாபாரம், தறி என்று ஆளுக்கொரு தொழில். பருத்தி ஏலம் ஓய்ந்த சமயத்தில் நாலு நாள் ஒதுக்கலாம். நம் பக்கம் அப்படி ஓர் இடம் உண்டா? கூடாரம், அடுப்பு எல்லாம் சொந்தமாக வாங்கிக்கொள்கிறோம்.
— ஒரு வாசகர், மல்லசமுத்திரம்

பதில்: உண்டு. ஆனால் கூடாரத்தையும் அடுப்பையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

உங்கள் அக்கா மகன் போனது வாயேஜர்ஸ் தேசியப் பூங்காவாக இருக்கும். கனடா எல்லையை ஒட்டிய ஏரிக்காடு. 1975இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே 270க்கு மேல் முகாம் இடங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு நீர்வழியாகத்தான் போக முடியும். முன்பதிவு செய்தவர் தன் படகில் போய் இறங்கி, சாப்பாட்டுச் சாமான்களைக் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்கலாம். அந்தப் பாதுகாப்பு கரடிக்குப் போதும். நம் காடு யானைக் காடு. ஒரு சீப்பு வாழைப்பழமோ, வெல்லமோ, உப்பு மூட்டையோ இருக்கிற வாசனை தெரிந்தால் யானை சுவரையே தள்ளிவிட்டு எடுக்கும். கூடாரத் துணி எம்மாத்திரம்? அதனால் நம் நாட்டில் தேசியப் பூங்காவுக்குள் நாமாகப் போய், நாமாக இடம் பார்த்து, நாமாகத் தங்குவது என்பது கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி உள்ளே நுழைவதே குற்றம். தீ மூட்டுவது அதற்கு மேல் இன்னொரு குற்றம்.

முறையாக அனுமதி வாங்கி, ஏரிக்கரைக் காட்டுக்குள் நடந்து, தெப்பத்தில் போய், கூடாரத்தில் தங்கி வரும் ஏற்பாடு உள்ள இடம் தேக்கடி. பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி அது. உங்கள் ஊரிலிருந்து திருச்செங்கோடு, பரமத்தி வேலூர், கரூர், திண்டுக்கல், தேனி, கம்பம் வழியாக லோயர் கேம்ப் போய், மலை ஏறினால் குமுளி. 300 கிலோமீட்டருக்குள் வரும். விடியற்காலம் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் குமுளியில் இருக்கலாம். ஊருக்குள் தமிழே போதும்.

அந்த ஏரி தானாக உண்டானதல்ல. 1895இல் பொறியாளர் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை தேக்கிய தண்ணீர் அது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் வைகைக்கும் வருகிற தண்ணீரும் அதுவே. ஏரிப் பரப்பு 26 சதுர கிலோமீட்டர். சுற்றுக்காட்டை 1934இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் சரணாலயமாக்கியது. 1978இல் புலிகள் காப்பகம் ஆனது. இன்று மொத்தம் 925 சதுர கிலோமீட்டர். அணையில் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய மரங்களின் அடித்தண்டுகள் இன்னும் ஏரிக்குள் நட்ட கம்பங்களாக நிற்கின்றன. நூற்று முப்பது வருஷம் ஆகியும் விழவில்லை. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றின் உச்சியில் கூடு கட்டுகின்றன. தண்ணீர் மட்டம் ஏற இறங்க, நேற்றுக்கு வெளியே தெரிந்த கட்டை இன்றைக்கு ஓரடி ஆழத்தில் மறைந்திருக்கும். புது ஆள் கையில் படகைக் கொடுக்காததற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

உங்கள் எட்டுப் பேருக்கும் நான் சொல்லும் வழி இது. முதல் நாள் போய்ச் சேர்ந்து குமுளியில் தங்குங்கள். மறுநாள் மூங்கில் தெப்பப் பயணம். ஒரு குழுவில் பத்துப் பேர் வரை சேர்ப்பார்கள் என்பதால் எட்டுப் பேரும் ஒன்றாகவே போகலாம். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஐந்தாகிவிடும். கொஞ்ச தூரம் காட்டு நடை, பிறகு தெப்பம், மறுபடி நடை. மூங்கில்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கட்டிய தெப்பம், மேலே உட்காரப் பலகை. எஞ்சின் கிடையாது, துடுப்புதான். மூங்கில் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறிக் காலை நனைத்துக்கொண்டே இருக்கும். சத்தமில்லாமல் போவதால், எஞ்சின் படகைக் கண்டால் விலகிப் போகும் கடமானும் காட்டுமாடும் இங்கே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும். நீர்நாய்க் குடும்பம் மீனைக் கரையில் போட்டுக் கடிக்கும் சத்தம் கேட்கும் அளவுக்குப் பக்கத்தில் போக வாய்ப்புண்டு. அதிர்ஷ்டம் இருந்தால், தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு யானை ஏரியை நீந்திக் கடப்பதையும் பார்க்கலாம்.

ராத்தங்கலுக்கு வேறு ஏற்பாடு. புலித்தடப் பயணம் என்ற பெயரில் ஓர் இரவு அல்லது இரண்டு இரவு காட்டுக்குள் கூடாரத்தில் தங்கவைத்துக் கூட்டிவருகிறார்கள். இதில் ஒரு குழுவுக்கு ஐந்தாறு பேர்தான். ஆகவே நாலு நாலு பேராகப் பிரிந்து வேறு வேறு தேதியில் போக வேண்டும். இதற்காக மனம் கோண வேண்டாம். கூட்டம் குறைந்தால்தான் காடு காடாக இருக்கும். நாலு பேருக்கு நாலைந்து வழிகாட்டியும் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும் கூடவே வருகிறார்கள். கூடாரம், படுக்கை, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இது இந்த மாதம் நடக்கிறதா, கட்டணம் எவ்வளவு, வயது வரம்பு என்ன என்பதைக் காப்பக அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே வண்டி பேசுங்கள். மழை, காட்டுத் தீ, யானை நடமாட்டம் என்று எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்திவைப்பார்கள்.

கூட வரும் அந்த வழிகாட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலர் ஒரு காலத்தில் இதே காட்டில் திருடியவர்கள். வயணா என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்துக் கடத்துவது, சந்தனம் வெட்டுவது, வேட்டை எல்லாம் நடந்த காலம் அது. வழக்குக்கு மேல் வழக்கு, தலைமறைவு வாழ்க்கை. கிடைத்த பணத்தில் பெரும்பங்கு இடைத்தரகனுக்கே போனது. 1990களின் பின்பாதியில், உலக வங்கி உதவியோடு நாட்டின் ஏழு காடுகளில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, அதில் பெரியாறும் ஒன்று. அப்போது வனத்துறை அதிகாரிகள் இவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். சரணடைந்தவர்களைக் கொண்டு ஒரு குழு அமைந்தது. எந்த மடுவில் வலை வைப்பார்கள், எந்தக் கணவாயில் சரக்கு இறங்கும் என்பது இவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவே பிறகு காவலுக்கு உதவியது. புலித்தடப் பயணத்தில் நீங்கள் கட்டும் பணத்தின் ஒரு பங்கு அந்தக் குழுவின் நிதிக்குப் போகிறது. மூங்கில் தெப்பம் முதலான மற்ற ஏற்பாடுகளில் மன்னான், பளியர் மக்களுக்கும் வேலை கிடைக்கிறது. குமுளிப் பெண்கள் பலர் வசந்த சேனை என்ற பெயரில் சம்பளம் வாங்காமலே முறை வைத்துக் காட்டில் ரோந்து போகிறார்கள்.

அப்படி ஒரு வழிகாட்டியின் பின்னால் நடக்கும்போது கேமராவைக் கொஞ்ச நேரம் பைக்குள் வைத்துவிட்டு அவர் கையைக் கவனியுங்கள். யானை லத்தியைப் பிளந்து உள்ளே விரல் வைத்துச் சூடு பார்ப்பார். யானை போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது தெரிந்துவிடும். ஏரிக்கரைச் சேற்றில் பதிந்த முன்னங்கால் தடத்தை ஒரு கொடியால் சுற்றி அளந்து, அதை இரண்டு மடங்காக்கி, “இவ்வளவு உயரம்” என்று கை தூக்கிக் காட்டுவார். கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அமெரிக்க ஏரியில் தனியாகக் கூடாரம் போடும் சுதந்திரம் பெரிதுதான். ஆனால் காட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரோடு இரண்டு நாள் நடப்பது அதைவிடப் பெரிய பேறு என்பது என் தீர்மானமான எண்ணம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். செட்டாகப் போகும்போது பாட்டிலும் ஸ்பீக்கரும் கூடவே வந்துவிடுகின்றன. இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குடித்தவனால் யானை முன்னால் அசையாமல் நிற்க முடியாது.

கேள்வி: இவ்வளவு தூரம் எதற்கு? மேட்டூர் பக்கத்திலேயே இருக்கிறது. அணைத் தண்ணீர் ஓரமாகப் பரிசலில் போய் ஏதாவது ஒரு திட்டில் கூடாரம் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? யூடியூபில் நிறையப் பேர் போடுகிறார்களே?
— கல்லூரி மாணவர், மல்லசமுத்திரம்

பதில்: தம்பி, வேண்டாம். மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. மேலே போனால் 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம். கோடையில் யானைக் கூட்டம் தண்ணீருக்கு இறங்கும் வழியே ஆற்றங்கரைதான். திட்டு என்று நீ நினைப்பது, மேலே திறந்துவிட்ட தண்ணீர் வந்தால் ராவோடு ராவாக மூழ்கும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை நினைத்துப் பார். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். உன் வயதுப் பிள்ளைகள் பலர் அதில் உண்டு. காய்ந்த போதைப்புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. அதன் பிறகே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்திருக்கிறது. அதில் பதிவு செய்து போ. மேட்டூர்த் தண்ணீரில் படகில் போக ஆசை என்றால், பண்ணவாடித் துறையிலிருந்து அக்கரை நாகமரைக்கு ஊர்மக்கள் போகும் படகில் உயிர்காப்புச் சட்டை கேட்டுப் போட்டுக்கொண்டு போய்விட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பு.

கேள்வி: நாங்கள் பெண்களும் பிள்ளைகளும் பெரியவர்களுமாகத் தேக்கடி போகிறோம். நடக்கவெல்லாம் முடியாது, படகு சவாரி மட்டும்தான். ஆனால் படகு கவிழ்ந்த பழைய செய்தியைச் சொல்லி மாமியார் பயப்படுகிறார்.
— வாசகி, திருச்செங்கோடு

பதில்: அவர் பயம் நியாயமானது. 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு தேக்கடி ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கு தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததும், யார் உடம்பிலும் உயிர்காப்புச் சட்டை இல்லாததும் அன்றைக்குப் பேசப்பட்ட காரணங்கள். இப்போது சட்டை கட்டாயம். ஆனால் போட்டுக்கொண்டால் மட்டும் போதாது. வார்களை இழுத்து மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது தொளதொள என்று அர்த்தம், வேறு அளவு கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவுதான். யானையே வந்து நின்றாலும் யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது என்று கிளம்பும் முன்பே வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

காலை 7.30 படகுக்குப் போங்கள். வெயில் ஏறிய பிறகு விலங்குகள் நிழலுக்குப் போய்விடும். சொந்த வண்டி படகுத்துறை வரை போகாது. குமுளியிலிருந்து வனத்துறைப் பேருந்தில்தான் போக வேண்டும், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் காசு இருந்து, நடக்காமலே காட்டுக்குள் ஓர் இரவு தங்க வேண்டும் என்று மாமியார் ஆசைப்பட்டால், எடப்பாளையத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவின் பழைய கோடை மாளிகை இருக்கிறது. கேரளச் சுற்றுலாக் கழகம் அதை விடுதியாக நடத்துகிறது. படகில்தான் போக வேண்டும். அறைகள் சில மட்டுமே, முன்பதிவு அவசியம்.

கேள்வி: அட்டைக் கடி என்று பயமுறுத்துகிறார்கள். என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?
— வாசகர், ராசிபுரம்

பதில்: அட்டை கடிப்பது வலிக்காது, விஷமும் இல்லை. அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் கொஞ்ச நேரம் வடியும், அவ்வளவுதான். விரல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்துவிட்டு, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறையை அங்கேயே தருவார்கள். சர்க்கரை உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உடுப்பு பச்சை, காக்கி, மண் நிறத்தில் இருக்கட்டும். செண்ட், மல்லிகைப்பூ, வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். பழகிய பழைய ஷூ நல்லது. புது ஷூ காட்டில் குதிகாலைப் புண்ணாக்கிவிடும். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரம் இரண்டு முறை, முதுகில் பையோடு திருச்செங்கோட்டு மலையைப் படி வழியாக ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏற முடிந்தால் பெரியாற்று நடைக்கு நீங்கள் தயார்.

கேள்வி: எந்த மாதம் உகந்தது? நாங்கள் கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள். சபரிமலை போய்விட்டு வரும் வழியில் தேக்கடியையும் முடித்துக்கொள்ளலாமா?
— ஒரு குருசாமி, மல்லசமுத்திரம்

பதில்: சாமி, நீங்கள் பெரிய பாதையில் நடந்தவர் என்றால் இந்தக் காட்டில் ஏற்கெனவே தங்கியவர்தான். சபரிமலை பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. அழுதை, கரிமலை வழியும் சத்திரம், புல்மேடு வழியும் காப்பகக் காடுதான். இருமுடியோடு விரதத்தில் அந்தக் காட்டைக் கடக்கும்போது நீங்கள் காட்டும் அடக்கத்தை உங்கள் குழுவுக்குக் கற்றுக்கொடுத்தால் வேறு விதிமுறை எதுவும் தேவைப்படாது.

ஆனால் இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்காதீர்கள். கார்த்திகை முதல் தை முதல் வாரம் வரை குமுளி நெரிசல், அறை விலை, வண்டி வாடகை எல்லாம் உச்சத்தில் இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை கனமழையும் அட்டையும். மகரஜோதிக் கூட்டம் கலைந்த பிறகு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தேதி குறியுங்கள். தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கும், கரையோரப் புல்லுக்கு விலங்குகள் வரும், ராத்திரிக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். மார்ச் பிறந்தால் காட்டுத் தீ பயம் வந்து நடைப்பாதைகளை மூடக்கூடும் என்பதால் அதற்கு மேல் தள்ள வேண்டாம்.