விளக்கொளியைக் கூட்டலும் குறைத்தலும்

அகல் விளக்கில் ஒளி மிகுந்தால் நம் பாட்டிமார் திரியைச் சற்றே உள்ளிழுத்தனர்; மங்கினால் தூண்டிவிட்டனர். அரிக்கேன் விளக்கிலோ இதற்கெனவே ஒரு திருகு இருந்தது. மின்விளக்கு வந்தபின் இவ்வசதியை நாம் பெரும்பாலும் இழந்தோம். எரிந்தால் முழு ஒளி. அணைந்தால் முழு இருள்.

இக்குறையை என் அன்னையார் நோயுற்றுப் படுக்கையில் இருந்த நாட்களில்தான் நான் உணர்ந்தேன். நள்ளிரவில் விளக்கிட்டால் அவர் கண் கூசும். அணைத்தால் மருந்துக் குப்பியும் தெரியாது. எழுந்து சென்று சுவரிலுள்ள சுவிட்சைத் தொடவும் அவரால் இயலாது. ஆதலின் ஒளியைப் படிப்படியாகக் குறைக்கும் டிம்மர் என்னும் கருவியை வாங்கி வந்து பொருத்துவித்தேன். அறையில் இருந்ததோ எல்.இ.டி. விளக்கு. ஒளி குறைவதற்கு மாறாகத் துடித்தது. வண்டு முரல்வது போன்ற ஓசையும் எழுந்தது. சில நாட்களில் விளக்கே பழுதாயிற்று. பழி டிம்மர் மேலதன்று. ஆராயாது வாங்கிய என் மேலதே.

காரணம் யாது? நம் வீடுகளுக்கு வரும் மின்னோட்டம் நொடிக்கு 50 அலைகளாக ஏறி இறங்குவது. அஃதாவது நொடிக்கு 100 அரையலைகள். 1959-இல் அமெரிக்காவில் ஜோயல் ஸ்பைரா என்பார் அமைத்த டிம்மரும், அதன் வழிவந்தனவும், ஒவ்வோர் அரையலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு எஞ்சியதையே விளக்குக்கு விடுகின்றன. பழைய குண்டு பல்பின் இழை சூட்டினால் ஒளிர்வது. அது ஆறுமுன் அடுத்த அரையலை வந்துவிடும். எனவே ஒளி அமைதியாகத் தணியும். எல்.இ.டி.யோ மின்னோட்டம் நின்ற கணமே இருளும். வந்த கணமே ஒளிரும். அதற்கு ஏற்ற நேர்திசை மின்னோட்டத்தை அளிக்க, விளக்கினுள் டிரைவர் என்னும் சிறு மின்சுற்று உண்டு. வெட்டுண்ட அலையைப் பெறுதற்கென அமையாத டிரைவர் தடுமாறுகிறது. அத்தடுமாற்றமே நான் கண்ட துடிப்பு.

ஆதலால் விளக்கின் உறையில் ‘டிம்மபிள்’ என்ற குறிப்பு உண்டா என முதலிற் பார்த்தல் வேண்டும். டிம்மரின் கீழெல்லையையும் நோக்குக. 40 வாட்டுக்குக் குறையாத குண்டு பல்புக்கென அமைந்த டிம்மர், 9 வாட் எல்.இ.டி. ஒன்றைச் செவ்வனே இயக்குமென எதிர்பார்த்தல் தகாது.

கூரையோரம் ஒட்டப்பெறும் எல்.இ.டி. பட்டைக்கு வேறு முறை உண்டு; அதுவே அழகிய முறை என்பேன். பட்டை பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தில் இயங்கும். டிம்மர், மின்வழங்கிக்கும் பட்டைக்கும் இடையே நின்று, மின்னோட்டத்தை நொடிக்குப் பன்னூறு முறை விட்டும் தடுத்தும் தருகிறது. விடும் நேரம் குறுகக் குறுக ஒளியும் குறையும். கருவி அளக்கும் ஒளி கால்பங்காகக் குறைந்தபோதும், கண்ணுக்கு அஃது ஏறத்தாழ அரைப்பங்காகவே தோன்றுவது வியப்பன்றோ? வாங்குமுன் சிறு கணக்கொன்று போடுக. 12 வோல்ட் பட்டை மீட்டருக்கு 14.4 வாட் எனில், 5 மீட்டருக்கு 72 வாட். 12-ஆல் வகுக்க 6 ஆம்பியர். எந்நேரமும் தன் எல்லையிலேயே உழைக்கும் கருவி சூடேறுமாதலின் 8 ஆம்பியர் டிம்மரே நன்று.

இனி, ரிமோட். அகச்சிவப்புக் கதிரால் இயங்குவதைக் கருவியை நோக்கி நீட்ட வேண்டும். அக்கதிர் சுவரை ஊடுருவாது. செல்பேசிக் காமிராவின்முன் பொத்தானை அழுத்தினால், பலவற்றில் அக்கதிர் ஒளிப்புள்ளியாகத் தெரியும். ரேடியோ அலையால் இயங்குவதற்கு இத்தடை இல்லை, போர்வைக்குள்ளிருந்தும் இயக்கலாம். எனினும் ரிமோட்டால் அணைத்த விளக்கில் மின்சாரம் அறவே இல்லையெனக் கருதலாகாது. மெயின் சுவிட்சை அணைத்த பின்னரே விளக்கைக் கழற்ற வேண்டும்.

இரண்டாம் முறை, மின்பணியாளரை உசாவி, பட்டை விளக்கும் ரேடியோ ரிமோட்டும் அமைத்தேன். அன்னையார் அந்த ரிமோட்டைத் தலையணையடியில் வைத்துக்கொண்டார். மருந்து வேளையில் என்னை எழுப்பாமல் தாமே ஒளியைக் கூட்டிக் குப்பியை எடுத்துக்கொள்வார்.