பேரலைகளின் ஊர் நசரே

ஐரோப்பாக் கண்டத்தின் மேற்கு ஓரத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்த்தபடி அமைந்துள்ள நாடு போர்ச்சுகல். அதன் தலைநகரான லிஸ்பனுக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் நசரே என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களையும் சேர்த்துப் பதினைந்தாயிரம் பேர் அளவில்தான் அங்கு வாழ்கின்றனர். ஆயினும் குளிர்காலம் தொடங்கியதும் உலகின் பல மூலைகளிலிருந்து மக்கள் அங்கே வந்து குவிகிறார்கள். அவர்கள் காண வருவது அலைகளை. அந்த அலைகளின் மேல் ஒரு பலகையில் நின்றபடி சறுக்கி வரும் மனிதர்களை.

அலைச்சறுக்கு என்னும் இவ்விளையாட்டு பசிபிக் தீவு மக்களிடம் பிறந்தது. ஹவாய்த் தீவுகளில் அரசரும் குடிமக்களும் அதில் வல்லவராய் இருந்தனர். இன்றோ அதன் மிகப் பெரிய அலை, பசிபிக்கிலிருந்து வெகு தூரத்தில் உள்ள இந்தச் சிற்றூரில் எழுகிறது. 2020 அக்டோபர் 29 அன்று செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் என்ற ஜெர்மானிய வீரர் நசரேயில் சறுக்கி வந்த அலையின் உயரம் 26.21 மீட்டர், அதாவது 86 அடி. கின்னஸ் நிறுவனம் 2022-இல் இதை உலக சாதனையாக ஏற்றுக்கொண்டது. எட்டு மாடிக் கட்டடம் ஒன்று அடியோடு பெயர்ந்து நம்மை நோக்கி உருண்டு வருவதாக எண்ணிப் பாருங்கள், தோழியரே! அதன் சரிவில்தான் அவர் வந்தார்.

இவ்வூரின் பெயரைக் கேட்டதும் நம் ஆண்டவர் வளர்ந்த நாசரேத்து நினைவுக்கு வருகிறதல்லவா? அதிலிருந்து பிறந்த பெயர்தான் இது. குழந்தை இயேசுவுக்குப் பாலூட்டும் தேவ அன்னையின் சிறிய மரச் சுரூபம் ஒன்று இங்கு உள்ளது. புனித சூசையப்பரே அதை நாசரேத்தில் செதுக்கினார், புனித லூக்கா வண்ணம் தீட்டினார், எட்டாம் நூற்றாண்டில் ஒரு துறவி அதை இங்கே கொண்டுவந்து பாறைக் குகையில் வைத்தார் என்பது அவ்வூர் மரபு. 1182 செப்டம்பர் 14 அன்று ஃபுவாஸ் ரூபினோ என்னும் தளபதி காலைப் பனிமூட்டத்தில் ஒரு மானைத் துரத்திக் குதிரையில் பாய்ந்து வந்தாராம். மான் மலை விளிம்பிலிருந்து கடலில் விழுந்து மறைந்தது. அவர் அன்னையைக் கூவி அழைத்தார். குதிரை விளிம்பிலேயே நின்றுவிட்டது. நன்றியாக அவர் எழுப்பிய சிற்றாலயம் அம்மலை விளிம்பில் இன்றும் இருக்கிறது. அருகிலுள்ள பெரிய ஆலயத்தை 1377-இல் பெர்னாந்து மன்னர் கட்டுவித்தார். அதன் திருவிழா செப்டம்பர் 8. நம் வேளாங்கண்ணியில் இலட்சக்கணக்கானோர் கூடும் அதே நாள்! புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகளே வேளாங்கண்ணி ஆலயத்தைக் கட்டினர் என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கடலுக்கு அஞ்சி அன்னையிடம் ஓடும் வழக்கம் அந்நாட்டாருக்கு எங்கிருந்து வந்தது என்பது நசரேயைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சற்று விளங்கியது.

ஊர் மூன்று பகுதிகளாக உள்ளது. கீழே மணற்பரப்பை ஒட்டிக் கடற்கரை ஊர். சற்று உள்ளே குன்றின் மேல் பழைய பெடர்னெய்ரா. கடலோரமாக நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறையின் உச்சியில் சித்தியோ. ஆலயம் இருப்பது சித்தியோவில். கீழிருந்து அங்கு ஏற 1889-இலேயே கம்பிவடத்தால் இழுக்கப்படும் மலை இரயில் அமைத்துவிட்டார்கள்.

அந்தக் கீழூர் மக்கள் பட்ட துன்பத்தைச் சொல்லாமல் அலையின் பெருமையை மட்டும் எழுதுவது சரியாகாது. நெடுங்காலம் நசரேக்குத் துறைமுகமே கிடையாது. மீனவர் தம் படகுகளைத் திறந்த மணற்கரையிலிருந்தே அலையை எதிர்த்துத் தள்ளிச் செல்ல வேண்டும். திரும்பும்போதும் அதே அலைகளைத் தாண்டித்தான் கரை சேர வேண்டும். வந்த படகை எருதுகள் பூட்டி மணலில் இழுத்து ஏற்றுவார்கள். பகல் முழுதும் நடுக்கடலில் தப்பிய படகு, வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையை நெருங்கிக் கவிழ்வதுண்டு. கணவனை இழந்த பெண்கள் சாகும்வரை கறுப்புடையே அணிவர். 1980-களில் துறைமுகம் கட்டப்பட்ட பின்னரே இந்நிலை மாறியது.

நசரேப் பெண்களின் உடை உலகப் புகழ் பெற்றது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பாவாடைகள் அணிவார்கள். ஏன் ஏழு என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் கூறுவர். வாரத்தின் ஏழு நாள் என்பர் சிலர், வானவில்லின் ஏழு நிறம் என்பர் சிலர். குளிர்ந்த கரையில் விடியும் முன்பிருந்து காத்திருக்கும் பெண்ணுக்குச் சில பாவாடை விரிப்பாகவும் சில போர்வையாகவும் பயன்பட்டன என்பது நம்பத் தகுந்ததே. ஆனால் என் மனத்தில் பதிந்தது வேறொரு காரணம். அலைகள் ஏழு ஏழாக வரும், ஏழாவது போனதும் சிறிது நேரம் கடல் அடங்கும், அந்த நேரத்தில்தான் படகு கரையேறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. எண்ணிக்கை தவறாதிருக்க ஒவ்வோர் அலைக்கும் ஒரு பாவாடையை விரலால் தொட்டு எண்ணுவார்களாம். செபமாலை மணியை நாம் தள்ளுவது போல! கணக்குப் பாடத்தை வெறுப்பவர்கள் நம் வகுப்பில் உண்டு. அக்கரையில் கணக்குத் தவறினால் ஒரு வீடு இருண்டுவிடும்.

இனி இவ்வலைகள் ஏன் இவ்வளவு உயரமாக எழுகின்றன என்று பார்ப்போம். காரணம் நீருக்கடியில் இருக்கிறது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் தொடங்கி, மேற்கு நோக்கி 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, ஏறத்தாழ 5,000 மீட்டர் ஆழம் வரை இறங்கும் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கடலடியில் உள்ளது. ஐரோப்பாவின் கடலடிப் பள்ளத்தாக்குகளுள் இதுவே மிகப் பெரியது.

வட அட்லாண்டிக்கில் அக்டோபர் முதல் மார்ச் வரை கடும் புயல்கள் உண்டாகின்றன. அவற்றில் பிறந்த அலைகள் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து இக்கரைக்கு வருகின்றன. அலை ஆழமான நீரில் வேகமாகச் செல்லும். ஆழம் குறைந்ததும் கடல்தரை அதன் வேகத்தைத் தடுக்கும். பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதை நெருங்க, அலை ஒடுங்கி உயரும். இது எல்லாக் கடற்கரையிலும் நடப்பதுதான். நசரேயிலோ ஒரே அலை இரண்டாகப் பிரிகிறது. பள்ளத்தாக்கின் மேல் வரும் பகுதி வேகம் குறையாமல் பாய்ந்து வருகிறது. அதன் வடபுறம் ஆழங்குறைந்த தரையின் மேல் வரும் பகுதி பின்தங்குகிறது. இயற்பியல் வகுப்பில் ஒளிவிலகல் படித்தோமே, நினைவிருக்கிறதா? கண்ணாடியில் நுழையும் ஒளி வேகம் மாறுவதால் திசை மாறுகிறது. அதே விதிதான் இங்கும். பள்ளத்தாக்கின் விளிம்பில் அலை வளைந்து வடக்கே திரும்பி, பின்தங்கி வரும் மற்றப் பகுதியோடு மோதிச் சேர்கிறது. முகடும் முகடும் ஒன்று சேர, உயரம் கூடுகிறது. கரையோரமாக ஓடி எதிர்த்து வரும் நீரோட்டம் இன்னும் சற்று உயர்த்திவிடுகிறது. சேருமிடம் பிரையா டோ நோர்ட்டே, அதாவது வடகடற்கரை.

வியப்பு என்னவெனில், சித்தியோப் பாறையின் வடபுறத்தில் இவ்வளவு கொந்தளிப்பு நடக்கும் அதே வேளையில், தென்புறத்து ஊர்க்கரையில் கடல் அதைவிட எவ்வளவோ அடங்கியிருக்கும். பாறைமுனை மறைப்பாக நிற்கிறது. பள்ளத்தாக்கோ அலையின் வலிமையை வடக்கே திருப்பிவிடுகிறது. ஊரை அச்சுறுத்திய அந்தப் பள்ளம்தான் ஊரைக் காக்கவும் செய்கிறது. பாறைமுனையின் நுனியில் அதிதூதர் மிக்கேல் பெயரால் ஒரு கோட்டை உள்ளது. 1577-இல் செபஸ்தியான் மன்னர் அதைக் கட்ட ஆணையிட்டார். 1903-இல் அதன்மேல் கலங்கரை விளக்கம் அமைந்தது. இரு பக்கக் கடலையும் ஒரே இடத்தில் நின்று காணலாம்.

வடகடற்கரைக்குப் பிள்ளைகளைப் போக விடாமல் பெற்றோர் தடுத்த ஊர் இது. உள்ளூர் இளைஞர் சிலர் மட்டும் நெஞ்சால் படுத்துச் செல்லும் சிறு பலகைகளோடு சிறிய அலைகளில் இறங்கிப் பார்த்தனர். 2005-இல் ஊரைச் சேர்ந்த ஒரு விளையாட்டு ஆசிரியர் பேரலை ஒன்றின் படத்தை ஹவாயில் வாழ்ந்த காரெட் மெக்நமாரா என்ற வீரருக்கு அனுப்பி, இதில் சறுக்க முடியுமா என்று கேட்டார். அவர் நேரில் வந்தது 2010-இல்தான். வந்தவுடன் அவர் குதித்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாள்தோறும் கலங்கரை விளக்கத்தருகே நின்று அலை எங்கே எழுகிறது, எங்கே உடைகிறது என்று பார்த்தார். கடலடி வரைபடங்களை ஆராய்ந்தார். 2011 நவம்பர் 1, சகல புனிதர் திருநாளன்று, 78 அடி உயர அலையில் சறுக்கி உலக சாதனை நிகழ்த்தினார். மறுநாள் முதல் நசரேயின் பெயர் எல்லா நாட்டுச் செய்தியிலும் வந்தது.

இத்தகைய அலை மிக வேகமாக ஓடுவதால் கையால் துடுப்பிட்டு அதைப் பிடிக்க இயலாது. ஜெட் ஸ்கீ என்னும் நீர்மேல் ஓடும் வண்டி வீரரைக் கயிற்றால் இழுத்து வந்து அலையின் தோளில் விடுகிறது. கால்கள் பலகையில் பட்டையால் பிணைக்கப்பட்டிருக்கும். உடலில் காற்று நிரம்பும் உயிர்காப்புச் சட்டை இருக்கும். பாறை மேல் ஒருவர் வானொலிக் கருவியோடு நின்று, அடுத்து வரும் அலைகளை எண்ணிக் கீழே உள்ளவர்களுக்குச் சொல்வார். (ஏழு பாவாடைப் பெண்களின் வேலை இன்னும் தொடர்கிறது!) விழுந்தவரைத் தூக்க மற்றொரு வண்டி காத்திருக்கும், அடுத்த அலை வருமுன் சில நொடிகளே அதற்குக் கிடைக்கும். இத்தனை முன்னேற்பாடும் எப்போதும் போதுவதில்லை. 2023 ஜனவரி 5 அன்று பிரேசில் நாட்டின் அனுபவமிக்க வீரர் ஒருவர் இங்கே உயிர் நீத்தார்.

நான் இக்கட்டுரையை எழுத விரும்பியதற்கு மாயா கபெய்ரா என்ற பெண்ணே காரணம். பிரேசிலின் ரியோ நகரில் 1987-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே ஆஸ்துமா உடையவர். 2013 அக்டோபர் 28 அன்று நசரேயின் பேரலையில் விழுந்து, கணுக்கால் அருகே எலும்பு முறிந்து, நினைவிழந்து நீரில் மிதந்தார். உடன் சென்ற கார்லோஸ் பூர்லே அவரைக் கரை சேர்க்க, மணலிலேயே நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தார்கள். புகழ்பெற்ற வீரர் ஒருவர், இந்த அலைகளுக்கு ஏற்ற திறமை அவருக்கு இல்லை என்று தொலைக்காட்சியில் கூறினார். முதுகெலும்பில் மூன்று அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவரோ நசரேயிலேயே குடியேறி, அதே அலைகளைக் கற்கத் தொடங்கினார்.

2018 ஜனவரி 18 அன்று அவர் சறுக்கிய அலை 68 அடி உயரம். ஆனால் பெண்களுக்கென அப்படி ஒரு சாதனைப் பிரிவே அதுவரை கின்னஸ் ஏட்டில் இல்லை! மாயா வாளாவிருக்கவில்லை. பல்லாயிரம் பேரிடம் ஆதரவுக் கையொப்பம் திரட்டினார். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று கலங்கரை விளக்கத்தருகே சான்றிதழ் அவர் கைக்கு வந்தது. 2020 பிப்ரவரி 11 அன்று 73.5 அடி அலையில் வந்து தம் சாதனையைத் தாமே முறியடித்தார். அன்று பிரான்சு நாட்டு வீராங்கனை ஜஸ்டின் டியூப்போன் சறுக்கிய அலையும் ஏறக்குறைய அதே உயரம். யாருடையது பெரிது என்று கூற அறிவியலாளர்கள் படங்களை வைத்து அளக்க வேண்டியதாயிற்று. முடிவு தெரிந்தபோது, அந்தக் குளிர்காலத்தில் ஆண் பெண் இருபாலாரும் சறுக்கிய அலைகளுள் மாயாவுடையதே பெரிது என்றானது.

முன்பெல்லாம் கோடை முடிந்ததும் நசரேயின் விடுதிகள் வெறிச்சோடும். இப்போது நவம்பரிலும் ஜனவரியிலும் இடம் கிடைப்பது அரிது. பெரிய அலை வருகிறது என்று வானிலை அறிக்கை கூறினால் கோட்டைச் சுவரெங்கும் தலைகளாகவே இருக்கும். கோட்டைக்குள் வீரர்களின் பலகைகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஊர்க்கரையில் இன்னும் சில பெண்கள் மீனைப் பிளந்து கம்பிவலைத் தட்டிகளில் வெயிலில் உலர்த்திக் கருவாடு போடுகிறார்கள். தெரு முனைகளில் முதிய பெண்கள் பல மொழிகளில் “அறை வாடகைக்கு” என்று எழுதிய அட்டையைப் பிடித்து நிற்கிறார்கள். சித்தியோ ஆலயத்தின் முன் சதுக்கத்தில், ஏழு பாவாடை அணிந்த மூதாட்டிகள் கொட்டைகளும் உலர்ந்த பழங்களும் விற்கிறார்கள். அலை பார்க்கப் போகிறவர்கள் அவர்களிடம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கலங்கரை விளக்கத்தை நோக்கி இறங்குகிறார்கள்.